சும்மா இருக்கும்போது ஏன் வலிக்கிறது?

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை மாட்டுத்தாவணி. இடையில் டீக்குப் பஸ்ஸை நிறுத்தினார்கள், நான் இறங்கவில்லை. நல்ல தூக்கம். கண்டக்டர் தட்டி எழுப்பியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன், வலது முட்டி நீள மறுத்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வாசல் வரைக்கும் நடந்த பிறகு வலி இருந்த இடமே தெரியவில்லை.

எட்டு மணி நேரம் ஒரு வேலையும் செய்யாத முட்டி அது. மூட்டை தூக்கி வலித்தால் புரிகிறது. உட்கார்ந்து வந்ததற்கு எதற்கு வலி?

ஓய்வு என்றால் உடம்பில் எல்லாம் நின்றுவிடும், வலியும் நிற்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் அசைவு நிற்பதால் மட்டுமே வருகிற வலிகள் தனியாக ஒரு கூட்டம் உண்டு. அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு கொடுத்துப் பார்ப்பது வீண். முக்கால்வாசி வலி, கொஞ்சம் நேரம் பார்த்து அசைத்துக் கொடுத்தாலே அடங்குகிற ரகம். மீதிக் கால்வாசியைத்தான் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மூட்டு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து, மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான திரவத்திலிருந்துதான் வரவேண்டும். நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அதை உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பதத்தில் இருக்கும் அந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம்: அசையாமல் வைத்தால் கெட்டிப்படும், அசைத்தால் இளகும். கெட்டித் தயிரை மத்தால் நாலு சுற்றுச் சுற்றினால் இளகுகிற மாதிரி. பஸ்ஸிலிருந்து இறங்கி நான் நடந்த தூரம் அந்த நாலு சுற்று. முட்டி நெடுநேரம் மடங்கியே இருந்தால் முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்திக்கொண்டும் இருக்கும். வெளிநாட்டு மருத்துவர்கள் இதற்கு ‘சினிமா பார்ப்பவர் முட்டி’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாதிப் படத்தில் வலிக்கிறது என்று காலை முன் வரிசைக்கு நீட்டுகிறவர்களை நமக்கும் தெரியும்.

இரண்டாவது, நேரம். உடம்பே சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கி வைக்கும் வேலை பார்க்கிறது. நள்ளிரவை ஒட்டி அதன் அளவு மிகக் குறைந்து, விடியலை நோக்கி ஏறும். காவல்காரர் கண்ணயரும் அந்த நேரத்தில்தான் மூட்டுகளில் அழற்சி தலையெடுக்கிறது.

மூன்றாவது, கவனம். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை, தண்டுவடத்தில் ஒரு வாசல் மாதிரி இருக்கிறது, தொடுதல், அசைவு போன்ற மற்றச் செய்திகள் நெருக்கினால் வலிக்கு அந்த வாசல் ஒடுங்கும், மூளையும் மேலிருந்து அதை மூடவோ திறக்கவோ முடியும் என்றார்கள். நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நின்றுவிட்டது. நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் சட்டென்று தேய்த்துவிடுகிறோமே, அது இந்த வாசலை ஒடுக்கும் வேலை. பகலெல்லாம் அடுப்பும் ஆபீசும் போனும் அந்த வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ராத்திரி விளக்கை அணைத்ததும் வழி காலி. இடுப்பில் காலையிலிருந்து இருந்த வலி, பத்தரை மணிக்கு ‘வந்தது’போலத் தெரிகிறது.

இதே மெல்சாக் 1975-ல் இன்னொரு காரியமும் செய்தார். நோயாளிகள் வலியை விவரிக்கச் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்கள் கொண்ட கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார். எவ்வளவு வலிக்கிறது என்பதோடு, எப்படி வலிக்கிறது என்பதும் மருத்துவருக்குத் துப்பு. இந்த விஷயத்தில் தமிழ் பணக்கார மொழி. நின்று நின்று வந்தால் கால் கடுக்கும். எலும்புக்குள்ளிருந்து விடாமல் வந்தால் குடைச்சல். நகம் சீழ் பிடித்தால் விண்விண்ணென்று தெறிக்கும். நரம்பு அழுந்தினால் மதமதப்பு, எறும்பு ஊர்வது, எரிச்சல். காலை ஓரிடத்தில் வைக்கவே முடியாவிட்டால் உளைச்சல். இத்தனையும் கைவசம் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “பெயினா இருக்கு சார்” என்கிறோம். வீட்டில் சொல்கிற சொல்லை அப்படியே சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. பாதி வேலை முடிந்தது.

எனக்கு வந்த வலியிலேயே நான் அதிகம் படித்தது குதிகாலில்தான். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் நெருஞ்சி முள்ளில் வைத்ததுபோல இருக்கும். குளியலறை போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும். மத்தியானம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முள். எக்ஸ்ரே எடுத்ததில் குதிகாலில் எலும்பு முளைத்திருப்பதாகத் தெரிந்தது, பயந்துபோனேன். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முளை இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வலி அதனால் வருவதில்லை. குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு பட்டையான திசு ஓடுகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது சுருங்கிய நிலையிலேயே ராத்திரியைக் கழிக்கிறது. காலையில் முழு உடம்பும் அதன்மேல் ஏறி நின்றால் ஒரே இழுப்பில் நீள வேண்டியிருக்கிறது. நைந்து போயிருக்கிற இடம் கத்துகிறது.

எனக்குக் கேட்ட வைத்தியம் சிறியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கையால் கால் விரல்களைக் கணுக்காலை நோக்கிப் பின்னால் வளைத்தால் உள்ளங்காலில் ஒரு நாண் விறைத்து நிற்பது இன்னொரு கைக்குத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து எண்ணி விட வேண்டும். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதில் தப்பக்கூடாதது ஒன்றுதான்: காலையில் முதல் அடி வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து செய்தால் முள் ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. சாயங்காலத்தில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டுவேன். அப்புறம், வீட்டுக்குள் செருப்பு. கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது இந்த வலிக்கு ஆகாது. வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வீட்டுக்கென்றே தனி ஜோடி வாங்கி, பூஜை அறைப் பக்கம் வராது என்று வாக்குக் கொடுத்த பிறகு சமாதானம். இந்த வலி பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் ஓய்ந்துவிடும். வாரக் கணக்கில் ஓயும் என்று எதிர்பார்த்தால் மனசு ஒடிந்துபோகும்.

காலையில் எழும்போது வரும் இடுப்பு வலிக்குக் கதை வேறு. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் பகலில் நம் எடையைத் தாங்கித் தாங்கி நீரை இழக்கும், ராத்திரி படுத்ததும் உறிஞ்சிக்கொண்டு உப்பும். அதனால் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் உயரம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். உப்பிய வட்டோடு முன்னால் குனிந்தால் முதுகின் மேல் விழும் அழுத்தம் பகலைவிட அதிகம். நம் வீடுகளில் பார்த்தால், படுக்கையைவிட்டு எழுந்த கையோடு செய்கிற வேலையெல்லாம் குனிகிற வேலை. வாசல் பெருக்கி இடுப்பை வளைத்துக் கோலம் போடுவது, குடம் தூக்குவது, இருபது லிட்டர் கேனைக் கவிழ்ப்பது. ஏற்கெனவே இடுப்பு வலி உள்ளவர்கள் இவற்றை அரை மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுப் பார்க்கலாம். கோலம் காத்திருக்காது என்றால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து போடலாம். எழும்போதும் மல்லாந்த நிலையிலிருந்து விசுக்கென்று நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

“இடுப்பு வலியா, மெத்தையை எடு, கட்டாந்தரையில் படு” என்று சொல்லாத உறவினர் இல்லை. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கோரைப்பாயில் சுகமாகத் தூங்குகிறவர் மாற்ற வேண்டியதில்லை. வைத்தியம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் கிடப்பவர் எழுந்து மேலே வரலாம். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. ‘பெட் ரெஸ்ட்’ கதையும் இப்படித்தான். 1995-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் படுத்துக் கிடந்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

கழுத்துப் பிடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலையணை உயரம், குப்புறப் படுத்துக் கழுத்தைத் திருப்பி வைத்துத் தூங்குவது, இரண்டில் ஒன்று. சில நாளில் தானே விடும். வேகமாகச் சொடக்கு எடுத்துவிடும் சலூன் வைத்தியம் மட்டும் வேண்டாம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் எந்த விரல்கள் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதால் அழுத்தம் கூடுகிறது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரியில் மட்டும் கட்டிக்கொண்டாலே பலருக்குப் பலன் தெரியும். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது அதிகம். பாதம் இரண்டும் ராத்திரியில் எரிந்தால், போர்வை பட்டாலே கூசினால், சர்க்கரை அளவைப் பார்க்காமல் எந்தத் தைலமும் தேய்க்க வேண்டாம்.

அப்புறம் எல்லோரும் அலறி எழுகிற ஒன்று: கெண்டைக்கால் பிடிப்பு. ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். சுருண்டது தசை. பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசை ஏற்கெனவே குறுகித்தான் இருக்கிறது. சோம்பல் முறிக்கிறேன் என்று பாதத்தை இன்னும் கீழே நீட்டியதும் கல்லாக இறுகுகிறது. உடனே செய்ய வேண்டியது, முட்டியை மடக்காமல், பாதத்தை முகத்தை நோக்கி இழுப்பது. கை எட்டாவிட்டால் துண்டை உள்ளங்காலில் மாட்டி இழுக்கலாம், அல்லது எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தலாம். தசை இளகியதும் நீவிக்கொள்ளலாம். அடிக்கடி வருகிறவர்கள் படுக்கப்போகும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டி விட்டுவிட்டுப் படுத்தால் குறையும் என்று 2012-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது. சுவரைத் தள்ளுவதுபோல நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகால் தூக்காமல் முன்னே சாய்ந்தால் போதும். மெக்னீசியம் மாத்திரைக்கு இப்போது ஏக விளம்பரம். வயதானவர்களின் ராத்திரிப் பிடிப்புக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்றுதான் இதுவரை நடந்த சோதனைகள் சொல்கின்றன. முன்பு கொய்னா மாத்திரை கொடுப்பார்கள். ரத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஆபத்தான அளவுக்குப் பாதிக்கலாம் என்பதால் இந்தப் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பிடிப்பு புதிதாகத் தொடங்கினால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஒத்தடத்துக்கு மரியாதை கொடுக்கலாம். வறுத்த உப்போ தவிடோ, வெந்நீர்ப் பையோ, சூடு இறுகிய தசையைத் தளர்த்தும், வலி வாசலையும் ஒடுக்கும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம். தைலத்தில் இருக்கும் மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிட்டு வலியை மறக்கடிக்கிறது. ஏமாற்றுதான், ஆனால் பயனுள்ள ஏமாற்று. தைலம் தடவின இடத்தில் சூடும் வைத்தால் தோல் வெந்துபோகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலங்களைக் கேட்காமல் பூசக்கூடாது. மருந்துக்கடையில் ‘வலிக்கு ரெண்டு’ என்று கேட்டு வாங்கும் மாத்திரைகள் மாதக் கணக்கில் போனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இனி, அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய அந்தக் கால்வாசி. அம்மாவுக்குக் காலையில் விரல் மடங்காமல் இருந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நிமிஷம்மா?” அம்மாவுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து சமையலறைக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பால் பொங்கி, காபி கலந்து முடிவதற்குள் விரல் இளகிவிட்டது. பத்து, பதினைந்து நிமிடம். அரை மணிக்குள் சரியாவது பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும் இறுக்கம் விடவில்லை, இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன என்றால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும், அதுவும் சீக்கிரம். அதேபோல, நாற்பது வயதுக்குள் உள்ளவருக்கு மூன்று மாதத்துக்கு மேலாக இடுப்பு வலி, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, படுத்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. இது முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம். பைக் ஓட்டுவதால் வந்தது என்று இந்தப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள், வருடங்கள் போகின்றன. எலும்பு மருத்துவரிடம் அலைந்து அலுத்தவர்கள் ஒரு முறை வாதநோய் நிபுணரைப் பார்ப்பது நல்லது.

எப்படிப் படுத்தாலும் விடாமல் குடையும் வலியோடு காய்ச்சலோ எடை இழப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால், ரத்தக்கட்டா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் குறைந்தால் காலுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். புகை பிடிப்பவர்களும் சர்க்கரைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஓய்வாக இருக்கையில் நெஞ்சு இறுகி இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் தைலத்தைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

உளைச்சலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அப்பத்தா ராத்திரி சாப்பாடு முடிந்து பாயை விரித்ததும் எங்களைக் கூப்பிடும். “ஏறி மிதிங்கடா, உளையுது.” நானும் தம்பியும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கெண்டைக்கால் மேல் முன்னும் பின்னும் நடப்போம். மிதிக்கிற வரை நிம்மதி. இறங்கினால் மறுபடி காலை மாற்றி மாற்றிப் போடும். பல நாள் நடுராத்திரியில் எழுந்து திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கும். பகலில் களையெடுக்கும்போது ஒன்றும் இல்லை. வயசாச்சு என்று விட்டுவிட்டோம்.

லண்டனில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1672-லேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-ல் சுவீடனின் கார்ல்-ஆக்செல் எக்போம் இதை விரிவாக ஆராய்ந்து ‘அமைதியற்ற கால்கள்’ என்று பேர் கொடுத்தார். அசைத்தே தீர வேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் கூடுவது, அசைத்தால் குறைவது, சாயங்காலம் தொடங்கி ராத்திரியில் மோசமாவது. நாலும் அப்பத்தாவுக்குப் பொருந்தும். இதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே கால் உளைகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாக இருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். குறைவு என்று தெரிந்து மாத்திரை கொடுத்தால் பலருக்கு உளைச்சல் தணிகிறது. சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, காஃபின் சிலருக்கு உளைச்சலையும் கூட்டும்.

அப்பத்தா ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் கடுங்காப்பி குடிக்கும். ரத்தம் பரிசோதித்ததாக எனக்கு நினைவில்லை. நாங்கள் இருபது எண்ணும் வரை மிதித்துவிட்டு முப்பது என்று சொல்லி ஓடிவிடுவோம்.